மச்சினன் சொல்கிறார் என்பதற்காக நகையை அடகு வைக்காதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டம் உப்பூர்ப் பக்கமிருந்து ஒரு மிளகாய் விவசாயி பேசினார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். சுமாரான மதிப்பெண். சிங்கப்பூரிலிருக்கும் தாய்மாமன் சென்னைத் தனியார் கல்லூரி ஒன்றில் ஏஐ பொறியியல் சீட்டுக்குப் பேசி வைத்துவிட்டார். முன்பணம் இந்த வாரமே கட்டணுமாம். பையனோ கூட்டாளிகளோடு ஆந்திராவிலுள்ள குண்டூர் போகிறேன் என்கிறான். அங்கே மிளகாய் போடும் பையன்கள் வீட்டில் பத்து நாள் தங்கி வேலை பார்ப்பது, அப்புறம் அவர்கள் இங்கே வந்து தங்குவது என்று பேசி வைத்திருக்கிறார்கள். "ஊர் சுத்தப் போறேங்கிறான் சார், நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார்.

அண்ணே, தம்பிக்குப் புத்தி சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நீங்களே பேச்சுவாக்கில் சொன்னீர்கள்: கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கம் அன்றன்றைக்கு வத்தல் விலையை எழுதி, மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறான் என்று. யாரும் சொல்லாமல் இதைச் செய்கிற பிள்ளை ஊர் சுற்றக் கிளம்பவில்லை.

முதலில் காசுக் கணக்கு. வங்கியில் கல்விக் கடன் 4 லட்சம் வரை பிணை இல்லாமல் கிடைக்கும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்தைக் காட்டச் சொல்வார்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது என்பார்கள். வட்டி என்னவோ கடன் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். வானம் பார்த்த நிலத்தையும் வீட்டில் இருக்கிற நகையையும் நம்பி, பையன் ஒரு தடவைகூட ஆசைப்பட்டுப் பேசாத படிப்புக்கு இந்தச் சுமையை ஏற்றுவது தப்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மச்சினனுக்கு அக்கறை இருக்கலாம், தவணை கட்டப்போவது நீங்கள்.

டாக்டர், நர்சிங், டிஎன்பிஎஸ்சி பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். எனக்குக் குண்டூரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் வந்துவிட்டது, சரி. ஆனால் பழத்தைக் களத்தில் காய வைத்து, காய்ந்த கையோடு மூட்டை கட்டி, அன்றைக்கு என்ன விலையோ அதற்குத் தள்ளிவிட்டு வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம். குண்டூரில் மிளகாய்க்கென்றே குளிர்பதனக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. விலை இறங்கினால் மூட்டையை உள்ளே வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். இருப்பைக் காட்டிக் கடனும் வாங்கலாம். கிடங்கு வாடகை, கடன் வட்டி, எடைக் குறைவு எல்லாம் போகக் கையில் என்ன நிற்கிறது, எந்த வருஷம் காத்திருந்து கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்பதை எந்தக் கல்லூரியும் சொல்லித் தராது. தன் வயசுப் பையன் தன் வீட்டு நோட்டைப் பிரித்துக் காட்டினால்தான் தெரியும். பஸ்ஸில் போய் ஒரு வயலில் இறங்கி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுத் திரும்புகிற பயணத்தில் இது நடக்காது. வீட்டில் தங்கணும், மூட்டை தூக்கணும்.

ஜூலையில் போகட்டும். அறுவடை முடிந்திருக்கும், ஆனால் கிடங்குச் சரக்கு சந்தைக்கு வந்துகொண்டிருக்கும். நமக்கும் புரட்டாசி விதைப்புக்கு நாள் இருக்கிறது. பக்கத்திலேயே லாம் என்ற ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம். எல்சிஏ 334 என்ற பெயர்பெற்ற மிளகாய் ரகம் அங்கிருந்து வந்ததுதான். அதைப் பார்த்துவிட்டு அந்த விதையை அள்ளிக்கொண்டு வரவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அவர்களில் பலருக்குக் கால்வாய்த் தண்ணீர் உண்டு, நமக்கு வடகிழக்குப் பருவமழைதான். கற்க வேண்டியது தரம் பிரிப்பதும் தரம் குறைந்த சண்டு வத்தலைத் தனியாக ஒதுக்குவதும், தார்ப்பாயில் மண் ஒட்டாமல் காய வைப்பதும்.

அவர்கள் இங்கே வரும்போது காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். ராமேஸ்வரம் பக்கம் இருக்கிற தங்கச்சிமடத்துக்குக் கூட்டிப் போங்கள். மணலில் பதியம் போட்டு வேர்விட வைத்த மல்லிகை நாற்று அங்கிருந்துதான் வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போகிறது. அப்புறம் நம் புழுதி விதைப்பு. மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருக்கிற துணிச்சலைக் கால்வாய்ப் பாசனக்காரர்களும் பார்க்கட்டுமே. இது ஒன்றும் புது யோசனை இல்லை. அமெரிக்காவில் 1948-லேயே கிராமத்துப் பிள்ளைகளை வெளிநாட்டுப் பண்ணை வீடுகளில் தங்க அனுப்பும் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

வருஷம் வீணாகும் என்ற பயம் வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருஷ வேளாண் பட்டயப் படிப்புக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். தமிழ் வழியிலும் உண்டு. பட்டயம் முடித்தவர்கள் ஹைதராபாத்தில் இருக்கிற மேனேஜ் என்ற மத்திய அரசு வேளாண் பயிற்சி நிறுவனத்தின் திட்டத்தில் 45 நாள் பயிற்சிக்குப் போகலாம். அதன் பிறகு தொழில் தொடங்க வங்கிக் கடன் கிடைத்தால், பொதுப் பிரிவினருக்கு 36 சதவீதமும் பெண்கள், பட்டியலினத்தவருக்கு 44 சதவீதமும் மானியம். குண்டூர் போய்விட்டு வந்து, இது எனக்கு வேண்டாம் என்று தம்பி சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பத்து நாள் செலவோடு போகும், நிலம் உங்களிடமே இருக்கும்.

இந்த வாரம் முன்பணம் கட்டாதீர்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் அட்மா என்ற விவசாயிகள் பயிற்சித் திட்டத்தின் கண்டுணர்வு சுற்றுலாவில் இடமிருக்கிறதா என்று கேளுங்கள். பொதுவாகப் பயணச் செலவு அதிலேயே அடங்கிவிடும். இல்லையென்றால் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு அறிமுகக் கடிதம் கேட்கலாம். ஆதாரும் சிட்டா நகலும் கையில் இருக்கட்டும். தம்பியே போய்ப் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.