பள்ளியில் பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள்? வீடு வீடாகக் கேட்கப் போகும் முன்

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். பத்து வருடத்துக்கு முன் 84 பிள்ளைகள் படித்தார்கள், இப்போது 34 பேர்தான். இங்கிலீஷ் மீடியம் மோகத்தில் எல்லாரும் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. வீடு வீடாகப் போய்க் காரணம் கேட்டு, கிராம சபையில் வைக்கலாம் என்று குழுவில் முடிவெடுத்திருக்கிறோம். என்ன கேட்பது, எத்தனை வீட்டில் கேட்டால் போதும்?

பதில்: கேட்பதற்கு முன் எண்ணுங்கள். ஊரில் இப்போது ஐந்து முதல் பத்து வயதுக்குள் மொத்தம் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற எண் உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் யாரையும் ‘ஏன்’ என்று கேட்டுப் பயனில்லை.

தமிழ்நாட்டில் பிள்ளைப் பேறு வெகுவாகக் குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை அப்படியே நிலைத்திருக்க வேண்டுமானால்கூட 2.1 வேண்டும். இதோடு வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்த இளம் குடும்பங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, பத்து வருடத்துக்கு முன் ஊரில் அந்த வயதில் 120 பேர், இன்று 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். அன்று 120-இல் 84 பேர் உங்கள் பள்ளியில், அதாவது 70 சதவீதம். அதே 70 சதவீதம் இன்றும் வந்தால்கூட 42 பேர்தான் இருப்பார்கள். குறைந்த 50 பேரில் 42 பேர் ஊரில் பிள்ளை குறைந்ததால் குறைந்தவர்கள். வேனில் போனதால் குறைந்தவர்கள் 8 பேர்தான். உங்கள் ஊர்க் கணக்கு இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். ஆனால் இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கிராம சபைக்குப் போனால், பெற்றோரையும் ஆசிரியரையும் மாறி மாறித் திட்டுவதில் கூட்டம் முடிந்துவிடும்.

இந்த எண்ணுக்கு அலைய வேண்டியதில்லை. அங்கன்வாடிப் பணியாளரிடம் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும், கிராம சுகாதார செவிலியரிடம் பிறப்பு விவரம் இருக்கும். பள்ளியில் சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்த பதிவும் உண்டு. தலைமை ஆசிரியர், கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் வகுப்புவாரி எண்ணிக்கையை எடுத்துத் தருவார். குழுத் தலைவி என்ற முறையில் வாய்வார்த்தையாகக் கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் மனுப் போட்டால் அப்புறம் தலைமை ஆசிரியர் உங்களோடு சகஜமாகப் பேச மாட்டார்.

எண்ணிக்கையை வருடவாரியாக எழுதுங்கள். இரண்டே இரண்டு வருடங்களை ஒப்பிடுவது ஏமாற்றும். கொரோனா காலத்தில் நாடு முழுக்கப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குத் திரும்பினார்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் ஏசர் அறிக்கையின்படி 6 முதல் 14 வயது கிராமப்புறப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் இருந்தவர்கள் 2022-இல் சுமார் 73 சதவீதம், 2024-இல் சுமார் 67. அது 2018-இல் இருந்த அளவுக்குப் பக்கம்தான். 2022-ஐ மட்டும் இன்றோடு வைத்துப் பார்த்தால் பெரிய சரிவு போலத் தெரியும்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். “ஏன் அரசுப் பள்ளியில் சேர்க்கவில்லை?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதில் குற்றம் சாட்டும் தொனி இருக்கிறது. அதற்கு ஊரில் ஏற்கெனவே ஒரு தயார் பதிலும் இருக்கிறது: இங்கிலீஷ். எல்லாரும் அதையே சொல்வார்கள், நீங்களும் எழுதிக்கொண்டு வருவீர்கள். பல அரசுப் பள்ளிகளில் 2012-13 முதலே ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது. உங்கள் பள்ளியிலும் அந்தப் பிரிவு இருந்து, அப்படியும் பிள்ளைகள் போகிறார்கள் என்றால் அந்தப் பதில் பாதிதான். காரணத்தைக் கேட்பதைவிட நடந்ததை வரிசையாகக் கேளுங்கள். பிள்ளை மூன்று வயதில் எங்கே இருந்தது? எந்தெந்தப் பள்ளியை விசாரித்தீர்கள்? யார் போய்ப் பார்த்தார்கள்? வேன் எந்த இடம் வரை வருகிறது? போன வருடம் ஃபீஸ், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆனது? மூத்த பிள்ளை எங்கே படித்தது? நடந்ததைச் சொல்லும்போது ஆட்கள் அதிகம் பூசி மெழுகுவதில்லை.

மூன்று வயதுக் கேள்வியைத் தவறவிடவே கூடாது. தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் சேர்க்கிறது, உங்கள் பள்ளி ஒன்றாம் வகுப்பில் தொடங்குகிறது. கல்வி உரிமைச் சட்டம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தரும் 25 சதவீத இடஒதுக்கீடும் தனியார் பள்ளியின் நுழைவு வகுப்புக்குத்தான், நம் மாநிலத்தில் அது பெரும்பாலும் எல்.கே.ஜி. ஆக, நீங்கள் ஜூன் மாதம் துண்டறிக்கையோடு போகும் வீட்டில் முடிவு எடுத்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். அரசே 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதன் பின்னணி இதுதான். உங்கள் ஊரில் பிள்ளைகள் விலகுவது மூன்று வயதிலா, அல்லது இரண்டாம் மூன்றாம் வகுப்பிலா என்று பிரித்துப் பாருங்கள். மூன்று வயதில் என்றால் அங்கன்வாடியைப் பற்றி யோசிக்க வேண்டும். நடுவில் என்றால் வகுப்பறையைப் பார்க்க வேண்டும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்த்துக்கொள்வதைக் கண்டு ஒரு வீடு விலகும், அது இன்னொரு வீட்டையும் இழுக்கும்.

இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன். எண்ணிக்கையைத் தெருவாரியாகப் பிரித்துப் பாருங்கள். சில ஊர்களில் முதலில் விலகியது எந்தத் தெரு, இன்று பள்ளியில் மிஞ்சியிருப்பது எந்தத் தெருப் பிள்ளைகள் என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். “அந்தப் பிள்ளைகளோடு உட்கார வைக்க மனசில்லை” என்று எந்தப் படிவத்திலும் யாரும் சொல்ல மாட்டார்கள். சாதியைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். தெருக் கணக்கு போதும், அதையும் கிராம சபையில் வாசிக்காமல் குழுவுக்குள் வைத்துப் பேசுங்கள்.

எத்தனை வீடு என்று கேட்டீர்கள். மூன்று முதல் பத்து வயதுக்குள் பிள்ளை உள்ள எல்லா வீடும். அறுபது எழுபது வீட்டுக்கு மாதிரி எடுத்தால் மிச்சமாவது ஒரு நாள் வேலைதான், வருவதோ “எங்களைக் கேட்கவே இல்லையே” என்ற புகார். உங்கள் பள்ளியிலேயே இருக்கும் 34 பிள்ளைகளின் வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். போனவர்களை மட்டும் கேட்டால், வசதியில்லாமல் இருப்பவர் யார், பிடித்து இருப்பவர் யார் என்றே தெரியாது. தலைமை ஆசிரியரோ ஊராட்சித் தலைவரோ கூட வர வேண்டாம், அவர்கள் நின்றால் பதில் மாறிவிடும். இரண்டு இரண்டு பேராக, ஒருவராவது பெண்ணாக, சாயங்காலம் போங்கள். படிவத்தில் பெயரும் வேண்டாம், ஆதார் எண்ணும் வேண்டாம், வரிசை எண் போதும்.

போகும்போது இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு சிறு பத்தியும் எடுத்துச் செல்லலாம். பெற்றோர் சம்மதித்தால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், எந்தப் பள்ளிப் பிள்ளையானாலும் சரி. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வில், தன் பிள்ளை எவ்வளவு வாசிக்கும் என்பதைப் பெற்றோர் பலர் கூடுதலாகவே மதிப்பிட்டிருந்தார்கள். தனியார் என்றாலே நன்றாகப் படிக்கும் என்பதற்கும் உறுதி கிடையாது. ஆந்திரக் கிராமங்களில் குலுக்கல் முறையில் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டி நான்கு வருடம் கவனித்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் குலுக்கலில் வென்றவர்களுக்கும் வெல்லாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் வென்றவர்கள் முன்னே இருந்தார்கள். ஆனால் இதைக் காட்டி ஊரில் “தனியார் பள்ளி வீண்” என்று பேசிவிடாதீர்கள். அந்தப் பள்ளிகள் அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாமல் அதே அளவு சொல்லிக்கொடுத்தன என்பதும் அதே ஆய்வின் முடிவு.

ஜான்பூர் ஆய்வில் உங்களுக்கு வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. கிராமக் கல்விக் குழுவின் அதிகாரம் என்ன, பள்ளி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பிள்ளைகளின் வாசிப்பையே அளந்து ஊரார் முன் வைத்தும் பார்த்தார்கள். ஆசிரியரின் வேலையிலும் மாற்றமில்லை, அரசுப் பள்ளியிலும் மாற்றமில்லை. பலன் தந்தது ஒன்றுதான்: ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்துப் பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு எடுக்க வைத்தது. அதற்கு வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆகவே படிவம் எழுதும்போதே ஒவ்வொரு கேள்விக்கும் நேராக, ‘இதற்கு இப்படிப் பதில் வந்தால் என்ன செய்வோம்’ என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். இருபது கேள்வி எட்டாகக் குறையும், நல்லதுதான்.

கடைசியாகக் காலம். தனியார் பள்ளிகளின் சேர்க்கை ஜூனுக்கு வெகு முன்பே தொடங்கிவிடும். நவம்பரில் எண்ணி, டிசம்பரில் வீடுகளுக்குப் போனால் ஜனவரி 26 கிராம சபைக்கு ஒரு பக்க அறிக்கை தயாராகிவிடும். அதே அறிக்கையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி உங்கள் குழு தயாரிக்க வேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தோடும் இணைத்துவிடுங்கள்.