எழுந்திரு, ஓடு, ஜெயி: ஒரு கேலி ராப் பாட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் மூன்று நண்பர்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைக் கிண்டலடித்து ஒரு ராப் பாட்டு செய்து வெளியிட்டோம். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பீட், 3 நிமிடம் 49 விநாடி. இணைப்பையும் வரிகளையும் இதோடு அனுப்பியிருக்கிறோம். கேட்டவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு கூட்டம் இதை நிஜமான ஊக்கப் பாட்டு என்றே எடுத்துக்கொண்டு உடற்பயிற்சி வீடியோக்களில் பின்னணியாக ஓட்டுகிறது. இன்னொரு கூட்டம் “சிரிப்பே வரலை” என்கிறது. ராப் பாடுகிறவர்களோ “எங்க கலையைக் கேலி பண்றீங்க” என்று கோபப்படுகிறார்கள். முதல் மூன்று நாள் ஓடியதோடு சரி. எங்கே சறுக்கினோம்? நையாண்டி புரியாதது கேட்டவர்கள் குற்றமா, எங்கள் குற்றமா? அடுத்ததற்குப் பிரபலமான ஒரு பாட்டின் மெட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

குற்றம் பெரும்பாலும் உங்களுடையதுதான். ஆனால் மூன்று கட்சிக்கும் மூன்று தனிக் காரணங்கள் இருக்கின்றன, மூன்றையும் சரிசெய்ய முடியும்.

முதலில் நம்பிவிட்டவர்கள். உங்கள் ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வரும் பகுதி, இது: “எழுந்திரு, ஓடு, ஜெயி! எழுந்திரு, ஓடு, ஜெயி!” எட்டு பார் (நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார்), மூன்று முறை. இதில் கேலி எங்கே இருக்கிறது? உங்கள் மனதில் இருக்கிறது, முதல் சரணத்தின் பன்னிரண்டாவது வரியில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பகிர்கிறவர் முழுப் பாட்டையும் வெட்டி ஒட்டமாட்டார். பதினைந்து விநாடி வெட்டுவார், அதுவும் ஹூக்கைத்தான் வெட்டுவார். 90 பிபிஎம்மில் ஒரு பார் 2.67 விநாடி. பதினைந்து விநாடிக்குள் ஐந்தரை பார்தான் அடங்கும். ஆகவே ஹூக்கின் முதல் நாலு பாருக்குள், அதாவது பத்தே முக்கால் விநாடிக்குள், குட்டு உடைந்தாக வேண்டும். இப்படி ஒன்று வைத்துப் பாருங்கள்:

எழுந்திரு, ஓடு, ஜெயிச்சுக் காட்டு,
முன்பணம் மட்டும் முதல்ல நீட்டு.

இதை வெட்டி உடற்பயிற்சி வீடியோவில் போட்டாலும் கேலி கூடவே போய்விடும். வெட்டினாலும் தொலையாத இடத்தில் அதை வைப்பதுதான் வேலை.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அமெரிக்காவின் பீஸ்டி பாய்ஸ் ராப் குழு 1986-இல் வெளியிட்ட ‘ஃபைட் ஃபார் யுவர் ரைட்’ குடி, கூத்து என்று திரியும் இளைஞர்களைக் கிண்டலடிக்க எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100-இல் ஏழாம் இடம் வரை போனது. யாரைக் கிண்டலடித்தார்களோ அவர்களே அதைத் தங்கள் கொடியாக எடுத்துக்கொண்டு கூடவே பாடினார்கள். பிறகு அந்தக் குழுவே மேடையில் அதைப் பாடுவதை விட்டுவிட்டது. அங்கேயும் கோளாறு ஹூக்கில்தான். கத்திப் பாட வசதியான ஒரு முழக்கம், அதற்குள் ஒரு விரிசல்கூட இல்லை.

புகழ்வது போல இகழும் இந்த உத்திக்கு நம் மரபில் வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் இருக்கிறது. புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஔவை, தொண்டைமானின் படைக்கருவிகளைப் பார்த்துப் புகழ்கிறாள்: பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. என் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இதில் ஒரு ஏளனச் சொல்கூட இல்லை. ஆனால் ‘அங்கே’ என்ன இருக்கிறது என்பதையும் அதே பாட்டில் சொல்லிவிடுகிறாள். உங்கள் பாட்டில் ‘இங்கே’ மட்டும்தான் இருக்கிறது. பேச்சாளர் பெருமையடிக்கிறார், அதைப் பொய்யாக்கும் பொருள் ஒன்று பக்கத்தில் இல்லை. முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு பாடியதில் தவறில்லை, அப்படித்தான் பாட வேண்டும். முறிந்த வேல் ஒன்றையும் காட்ட வேண்டும், அவ்வளவே.

அடுத்து, சிரிப்பு வராதவர்கள். இதில்தான் வேலை அதிகம். உங்கள் முதல் நாலு வரி:

நாலு மணிக்கு எழுந்திருக்கிறேன்,
நாளும் ஓடி உழைக்கிறேன்,
வெற்றி என்னைத் தேடுதுன்னு
ஊருக்கெல்லாம் சொல்கிறேன்.

‘கிறேன், கிறேன், கிறேன்’ என்பது தமிழில் இலவசமாகக் கிடைக்கும் இயைபு. வினைமுற்று எல்லாமே ஒரே மாதிரி முடிவதால் காது அடுத்த ஒலியை முன்கூட்டியே ஊகித்துவிடுகிறது. ஊகிக்க முடிந்த இடத்தில் சிரிப்பு வெடிக்காது. இன்னொன்று, தமிழில் வினை கடைசியில் நிற்கும். வேடிக்கையான சொல் பெரும்பாலும் பெயர்ச்சொல்லாக இருப்பதால் அது வரியின் நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு சப்பை வினை வந்து சூட்டைத் தணித்துவிடுகிறது. பேச்சுத்தமிழில் வரிசையை மாற்றிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. அல்லது வினையையே வெடியாக்கிவிடலாம். அதே கருத்தை இப்படி எழுதலாம்:

நாலு மணிக்கு எழணும் மச்சி, நான் தவறினதே இல்ல,
ஆளு ஒருத்தன் வெச்சிருக்கேன், அவன் தூங்கினதே இல்ல.

இதை பாருக்கு அரை வரியாகப் பிரித்துப் பாடுங்கள். முதல் பாரில் பத்து அசை, இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் ஒன்பது, நாலாவதில் மறுபடி எட்டு. (இலக்கணத்தின் நேரசை, நிரையசையைச் சொல்லவில்லை. ஒரு மூச்சுத் தட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்கிறேன்.) ஒரு பாரில் பதினாறு கால்தட்டுகள் இருப்பதால் நெடிலை இழுக்கவும் மூச்சு வாங்கவும் இடம் மிஞ்சும். வெடி மூன்றாவது பாரின் கடைசியில், ‘வெச்சிருக்கேன்’ என்ற சொல்லில் விழுகிறது. அதைக் கேட்டு ஒருவர் சிரிக்க ஒன்றேகால் விநாடியாவது ஆகும். அந்த நேரத்தில் காதில் விழும் நாலாவது பாரில் புதுச் செய்தி எதுவும் இருக்கக் கூடாது. அதனால்தான் அது இரண்டாவது பாரின் அதே எட்டு அசை, அதே சந்தம், இரண்டு சொல் மட்டும் வேறு. சிரித்துக்கொண்டிருப்பவர் அதைத் தவறவிட்டாலும் ஒன்றும் இழக்கமாட்டார். தவறவிடாதவருக்கு அது இரண்டாவது சின்னச் சிரிப்பு. உங்கள் பதிவில் மூன்று நல்ல நகைச்சுவைகள் அடுத்தடுத்த பார்களில் வருகின்றன. ஒன்றின் சிரிப்பு அடுத்ததை மூடிவிடுகிறது. மூன்றில் இரண்டைத் தள்ளி வையுங்கள்.

நாலு, ஆளு என்பது எதுகையா என்று புலவர் யாராவது கேட்டால், லகரமும் ளகரமும் வேறுதான் என்று ஒத்துக்கொள்ளுங்கள். ராப் வேகத்தில் காது மன்னித்துவிடும். வரிக் கடைசி இயைபை மட்டும் நம்பாமல் வரித் தொடக்கத்து எதுகையையும் மோனையையும் பயன்படுத்தினால், கடைசிச் சொல் எதுவாகவும் இருக்கலாம் என்ற சுதந்திரம் கிடைக்கும். நகைச்சுவைக்கு அந்தச் சுதந்திரம் உயிர்.

மிக்ஸிங்கையும் (குரலையும் பீட்டையும் கலப்பதையும்) சொல்ல வேண்டும். சொல் கேட்காவிட்டால் சிரிப்பு ஏது? முழுச் சரணத்தையும் இரட்டை டேக்காக, அதாவது இரண்டு தடவை தனித்தனியாகப் பாடிப் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்திருக்கிறீர்கள். இரண்டு டேக்கும் 30, 40 மில்லிவிநாடி விலகினாலே ட், க், ச் எல்லாம் கலங்கிவிடும். சரணத்துக்கு ஒரே டேக் போதும். இரட்டிப்பை வரிக் கடைசிச் சொற்களுக்கும் ஹூக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் 808 பேஸோடு (பீட்டின் கனத்த அடி ஒலியோடு) மோதாது. பீட்டில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் குரல் வரும் இடங்களில் இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள், மெய்யெழுத்துகள் மேலே வந்துவிடும். வெடி விழும் சொல்லில் டிலே, ரிவெர்ப் என்ற எதிரொலி விளைவுகள் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அந்த ஒரு அடிக்கு டிரம்ஸையும் நிறுத்தலாம், ஆனால் பாட்டு முழுவதிலும் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். மூன்றாவது தடவை “இப்போது சிரிக்கவும்” என்று பலகை பிடித்தது போல ஆகிவிடும். நீங்களே பின்னால் சிரித்துக்கொள்ளும் ஆட்-லிப்களுக்கும் இதே கதிதான். எடுத்துவிடுங்கள்.

மூன்று நாளில் படுத்ததற்குக் காரணம் நீளம். உங்கள் பாட்டு 86 பார். அதில் தொடக்க நாடகம் 10 பார், வெறும் பீட் 4 பார். ஆக, முதல் ராப் வரி வருவதற்கு முன்பே 37 விநாடி போய்விடுகிறது. ஸ்பாட்டிஃபை 30 விநாடி தாண்டிய பிறகுதான் ஒரு கேட்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ராப் பாட்டு என்று வந்தவர் ராப்பே கேட்காமல் அதற்குள் போயிருப்பார். நாடகத்தைத் தூக்கிவிடுங்கள். 4 பார் தொடக்கம், 16 சரணம், 8 ஹூக், 16 சரணம், 8 ஹூக். மொத்தம் 52 பார், 2 நிமிடம் 19 விநாடி. கேலிப் பாட்டுக்கு இதுவே தாராளம்.

ராப்பர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பேச்சாளரைக் கிண்டலடிக்கக் கிளம்பி, நடுவில் ‘யோ யோ’ என்று கத்தி, வேண்டுமென்றே தாளம் தப்பி, தொண்டையைக் கரகரவென்று ஆக்கி... இதெல்லாம் பேச்சாளர் செய்வதா? ராப் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வெளியில் இருப்பவர் நினைத்துக்கொள்வது. அம்பு இரண்டு பக்கம் போனால் எதிலும் ஆழமாகக் குத்தாது. 2006-இல் அமெரிக்கக் கேலிப் பாடகர் ‘வியர்ட் அல்’ யாங்கோவிக், ராப்பர் சாமிலியனேரின் ‘ரைடின்’ பாட்டை வைத்து ‘ஒயிட் அண்ட் நெர்டி’ செய்தபோது, கேலி முழுவதையும் படிப்பாளிப் பையனாக நடிக்கும் தன்மீதே திருப்பிக்கொண்டார். ராப்பை மட்டும் மூலத்தின் வேகத்திலேயே, ஒரு அசை பிசகாமல் பாடினார். ஹாட் 100-இல் ஒன்பதாம் இடம், அவருடைய முதல் டாப் 10. சாமிலியனேரே அந்த ராப்பை வெளிப்படையாகப் பாராட்டினார். நகைச்சுவை ஒரு தடவை கேட்டால் தீர்ந்துவிடும், இரண்டாவது தடவை கேட்க வைப்பது ஃப்ளோ, அதாவது சொல் தாளத்தோடு ஓடும் விதம்தான். 2012-இல் தென்கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ அந்த ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தொட்டது. சோல் நகரின் பணக்காரப் பகுதியின் பகட்டைக் கேலி செய்யும் பாட்டு அது. கொரியம் தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்கு அந்தக் கேலி போய்ச் சேரவே இல்லை. தாளமும் குதிரை நடனமும் போய்ச் சேர்ந்தன.

மெட்டு இரவல் பற்றி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994 மார்ச் 7 அன்று, 2 லைவ் க்ரூ ராப் குழுவின் ‘ப்ரிட்டி வுமன்’ வழக்கில், வணிக நோக்கமுள்ள பகடியும் நியாயமான பயன்பாடாக (அனுமதி இல்லாமலே எடுத்தாளச் சட்டம் விடும் பயன்பாடாக) இருக்கக்கூடும் என்று ஒருமனதாகச் சொன்னது. பலர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மூலப் பாட்டையே விமர்சிக்கும் பகடிக்கு அதிலிருந்து எடுக்கக் காரணம் இருக்கிறது, வேறு எதையோ கேலி செய்ய ஒரு பாட்டைக் கருவியாக எடுப்பவர் அந்த இரவலுக்குத் தனியாக நியாயம் சொல்ல வேண்டும் என்ற பிரிவினையும் அதே தீர்ப்பில் உண்டு. உங்கள் இலக்கு பேச்சாளர், மெட்டு வேறு யாருடையதோ. நீங்கள் இரண்டாவது வகை. அதுவும் அது அமெரிக்கச் சட்டம், எல்லா ஊருக்கும் செல்லாது. அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் சொந்த பீட்டிலேயே இருங்கள். ‘இலவச பீட்’ என்று போட்டிருந்தாலும் வருமானம் வந்தால் உரிமம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அடியில் இருக்கும், படித்துவிடுங்கள்.

வெளியிடும் முன் ஐந்து பேருக்கு எந்த முன்னுரையும் இல்லாமல் போட்டுக் காட்டுங்கள். “சிரிப்பா இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். “இது யாரைப் பத்தின பாட்டு?” என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு பேர் “உழைச்சு முன்னேறினவரைப் பத்தி” என்றால் ஹூக்கை மறுபடி திறந்தாக வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்து எந்த விநாடியில் சிரித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வரித் தாளோடு வைத்துப் பார்த்தால் எந்தப் பார் சும்மா கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது சரணத்தில் பேச்சாளரின் காரோட்டி நாலு வரி பேசுகிறாரே, “ஐயா மேடையில ஓடுன்னாரு, நான்தான் ரெண்டு மாடி தூக்கிட்டுப் போனேன்” என்று, அந்த இடம் மட்டும் மொத்தப் பாட்டையும் விட மேல். முறிந்த வேல் அதுதான். சரணத்தை வெட்டும்போது அதையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள், முதல் சரணத்தின் கடைசி நாலு பாருக்குக் கொண்டுவாருங்கள். புதுப் பதிவு தயாரானால் பீட் இல்லாத தனிக்குரல் டேக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.