நெயில் சலூனில் டிப்ஸ்: எவ்வளவு, யாருக்கு, எப்படி?

கேள்வி: திருமணமாகி நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. சென்ற வாரம் ஒரு நெயில் சலூனில் 60 டாலருக்குக் கை நகங்களுக்கு மெனிக்யூரும் கால் நகங்களுக்குப் பெடிக்யூரும் செய்துகொண்டேன். கிளம்பும்போது 5 டாலர் டிப்ஸ் கொடுத்தேன். வாங்கிய பெண்ணின் முகம் வாடிவிட்டது. சம்பளம் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு, நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்கிறார் என் கணவர். நான் செய்தது தவறா?
– ஒரு வாசகி, குயின்ஸ்

பதில்: தெரியாமல் செய்தது என்பதால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் எதிர்பார்த்தது 12 டாலர் என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் கொடுப்பது வழக்கம். நியூயார்க்கில் 20 சதவீதமே சாதாரணமாகிவிட்டது. நம் ஊரில் டிப்ஸ் என்பது மனம் குளிர்ந்தால் கொடுப்பது, கொடுக்காவிட்டாலும் யாரும் குறை நினைக்காதது. அங்கேயோ, நாற்காலியில் உட்காரும் முன்பே இரு தரப்பும் மனத்தில் போட்டுவைத்திருக்கும் கணக்கு அது. ஆகவே விலைப்பலகையைப் படிக்கும்போதே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கள். கைக்கு அடங்காது என்று தோன்றினால் அன்றைக்கு மெனிக்யூரோடு நிறுத்திக்கொண்டு, அதற்குரிய டிப்ஸை முழுமையாகக் கொடுப்பதே நல்லது.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. அமெரிக்க மத்தியச் சட்டப்படி, டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் இந்தத் தொகை மாறவில்லை. டிப்ஸையும் சேர்த்து, பொதுவான மத்தியக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரை எட்டாவிட்டால் மட்டுமே மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். அதாவது, வாடிக்கையாளர் கொடுப்பதைச் சட்டமே கூலியின் பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நியூயார்க் மாநிலம் நெயில் சலூன்களுக்கு இந்த ஏற்பாட்டை 2020 இறுதியோடு முடிவுக்குக் கொண்டுவந்து, முழுக் குறைந்தபட்சக் கூலியையும் முதலாளியே கொடுக்க வேண்டும் என்றாக்கியது. 2025இல் நியூயார்க் நகரில் அது மணிக்கு 16.50 டாலர். ஆகவே சட்டத்தின்படி உங்கள் கணவர் சொல்வது சரியே.

இருந்தும் கொடுங்கள் என்றே நான் சொல்வேன். அந்த நகரின் வீட்டு வாடகைக்கு அந்தக் கூலி எந்த அளவுக்குப் போதும் என்பது ஆறு மாதமாக வாடகை கட்டும் உங்களுக்குத் தெரியும். குளிர்காலத்தில் எல்லோருடைய கால்களும் பூட்ஸுக்குள் மறைந்துவிட, பெடிக்யூருக்கு வருபவர்கள் குறைகிறார்கள். வேலை நேரமும் வருமானமும் அதோடு சேர்ந்து குறைகின்றன. சட்டம் இருக்கும் இடமெல்லாம் அது நடப்பதும் இல்லை. 2015 மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இத்தொழிலைப் பற்றி நீண்ட புலனாய்வுக் கட்டுரைகளை வெளியிட்டது. வேலையில் சேரும் பெண்ணே முதலாளிக்குப் பணம் கட்டிச் சேர்வதும், முதல் சில வாரங்கள் கூலியே இல்லாமல் உழைப்பதும் அப்போது வெளியே வந்தன. மாநில அரசு உடனே அவசர நடவடிக்கைகளை அறிவித்தது. தொழிலாளர் உரிமைகளைப் பல மொழிகளில் அச்சிட்டுக் கடைகளில் மாட்டவும் வைத்தது. அடுத்த முறை போகும்போது அந்த அறிவிப்பு கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் காலை மடியில் துணி விரித்து ஏந்திக்கொண்டு, தாழ்வான முக்காலியில் முக்கால் மணி நேரம் குனிந்தபடி, குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து எடுக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தேய்க்கும் தூளும் அசிட்டோன் நெடியும் நமக்கு மாதம் ஒரு நாள். அவருக்கு நாள் முழுவதும். 1975இல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்கு அருகில் இருந்த அகதி முகாமில், நடிகை டிப்பி ஹெட்ரன் தம்முடைய நக ஒப்பனையாளரை அழைத்துவந்து இருபது வியட்நாமியப் பெண்களுக்கு இத்தொழிலைக் கற்றுக்கொடுக்கச் செய்தார். இன்று கலிபோர்னியாவில் இத்தொழில் பெரும்பாலும் வியட்நாமியர் கையில் இருக்கிறது. நியூயார்க்கில் கொரிய, சீன, நேபாள, லத்தீன் அமெரிக்கப் பெண்கள் செய்கிறார்கள். உங்களைப் போலவே ஊரை விட்டுப் புதிதாக வந்து, மொழி சரியாகப் பழகும் முன்பே உழைக்கத் தொடங்கியவர்கள் அவர்கள்.

கேள்வி: ரொக்கமாகக் கொடுப்பதா, கார்டிலேயே சேர்ப்பதா? தள்ளுபடி கூப்பன் இருந்தால் எதன் மீது கணக்கிடுவது? கடை உரிமையாளரே நகம் செய்தால்?

பதில்: ரொக்கமே மேல். பல கடைகளில் கார்டில் டிப்ஸ் சேர்க்க வசதி கிடையாது. சேர்த்தாலும் கார்டு நிறுவனம் பிடிக்கும் கட்டணத்தின் பங்கை டிப்ஸிலிருந்து கழித்துக்கொள்ள மத்திய விதிகள் இடம் தருகின்றன. பாலிஷ் பூசும் முன்பே பணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். ஈர நகத்தோடு கைப்பையைத் துழாவினால் வேலையும் கெடும், நீங்களும் பதறுவீர்கள். ஒரு கடையில் இப்படிப் பதறி, கையில் சிக்கிய நோட்டைக் கல்லாவில் இருந்தவரிடம் நீட்டிவிட்டு வந்தேன். என் நகங்களைச் செய்த பெண்ணுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்த உறுத்தலும் போகவில்லை. தொழிலாளியின் டிப்ஸை முதலாளியோ மேற்பார்வையாளரோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018 மார்ச்சில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. என்றாலும், செய்தவர் கையிலேயே கொடுங்கள். சில கடைகளில் மேசை மேல் சிறு காகித உறைகள் இருக்கும், அவற்றில் போட்டு அவர் பெயரை எழுதிவிடலாம். கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்றால் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

கூப்பன் உங்கள் செலவைத்தான் குறைக்கிறது, அவர் உழைப்பைக் குறைப்பதில்லை. எனவே முழு விலை மீது கணக்கிடுங்கள். வரியைச் சேர்க்க வேண்டாம். உரிமையாளருக்கு டிப்ஸ் வேண்டாம் என்பது பழைய மரியாதை. இப்போது பெரும்பாலோர் அவருக்கும் கொடுக்கிறார்கள், நானும் கொடுக்கிறேன்.

கேள்வி: வேலை சரியில்லை என்றால் டிப்ஸைக் குறைக்கலாமா?

பதில்: முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள். பாலிஷ் திட்டுத் திட்டாக இருக்கிறது என்றால் அங்கேயே துடைத்துவிட்டு மறுபடி பூசித் தருவார்கள்; அப்படித் தந்தால் குறைக்கத் தேவையில்லை. சொல்லியும் கவனிக்கவில்லை என்றால் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நகக்கண் ஓரத்தில் வெட்டி இரத்தம் வந்தாலோ, முந்தையவருக்குப் பயன்படுத்திய கருவியைச் சுத்தம் செய்யாமல் உங்களிடம் கொண்டுவந்தாலோ, அது டிப்ஸ் பேசும் விஷயமே அல்ல. உடனே நிறுத்தச் சொல்லி, பொறுப்பாளரை அழைத்துப் பேசுங்கள்.