பதில்: "பைனல்ல தோக்கற டீம்"னு சொல்றவங்களுக்கு என்ன சொல்றது?

கொழிஞ்சாம்பாறை நண்பரே, கோயம்புத்தூர்ல கூட வேலை செய்யறவங்க, நம்ம கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபுட்பால் டீம் எப்பவும் ரசிகனைக் கைவிடும்னு சொல்றதா எழுதியிருக்கீங்க. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியில தோத்த மூணு பைனலையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க.

2014ல 90 நிமிஷம் தாண்டி, காயநேரத்துல நமக்கு எதிரா விழுந்த ஒரே கோல். 2016ல நம்ம கொச்சியிலேயே 1-1, அப்புறம் பெனால்டியில 4-3ன்னு தோல்வி. ரெண்டுமே கொல்கத்தாகிட்ட. 2022ல கோவாவுல ஹைதராபாத்கூட ஆடின பைனல்தான் ரொம்ப வலிக்கும். 68வது நிமிஷம் நம்ம ராகுல் கோல் போட்டாச்சு. 88வது நிமிஷம், வெளியே வந்த பந்தை ஹைதராபாத்தோட தவோரா தரையில விழுறதுக்குள்ள நேரா அடிச்சு உள்ளே தள்ளினார். பெனால்டியில ஹைதராபாத் கீப்பர் கட்டிமணி மூணைப் பிடிச்சார். மூணு பைனலும் நூலிழையில போனது. இதைக் கைவிட்டதுன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா 2023 மார்ச்ல பெங்களூரு பிளேஆப். பெங்களூரு வீரர் சேத்ரி, நம்மாளுங்க தயாராகறதுக்குள்ள சட்டுனு அடிச்ச ஃப்ரீகிக் கோலுக்கு எதிர்ப்புன்னு நம்ம டீம் மைதானத்தை விட்டு வெளியேறினது பெரிய தப்பு. இன்னும் நேரம் இருந்தது, ஆடியிருக்கணும். 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை. அதை மறைக்காதீங்க, முதல்லயே ஒத்துக்குங்க.

உண்மையான குறை, நல்ல ஆட்டக்காரங்களை வேற டீமுக்கு விடறது. 2023ல சகல் மோகன் பகானுக்குப் போனார். 13 கோல் போட்டு, அதிக கோலுக்கான கோல்டன் பூட் விருது வாங்கின டயமண்டகோஸும் ஜீக்சனும் 2024ல ஈஸ்ட் பெங்காலுக்குப் போனாங்க. ஒரு டீம் பழகி வர்றதுக்குள்ள முதுகெலும்பையே எடுத்துட்டா எப்படி? கேள்வியை நிர்வாகத்துகிட்ட திருப்புங்க, கிரவுண்டுல ஓடறவங்ககிட்ட இல்ல.