உப்புக் காற்றும் பழைய காரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் வாப்பா 1972-இல் வாங்கிய ஃபியட் 1100 டிலைட் கார், எங்கள் வீட்டுக் கொட்டகையில் பதினாறு ஆண்டுகளாகத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கும் நான், அதைச் சீர்செய்து ஓட்ட விரும்புகிறேன். அந்தப் பணத்துக்கு ஓடுகிற கார் ஒன்றை வாங்கிவிடலாமே என்கிறார்கள் வீட்டில். இதில் எனக்கு என்ன கிடைக்கும்? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கீழக்கரை

பதில்: பணக் கணக்கில் உங்கள் வீட்டார் சொல்வதுதான் சரி. தகடு வேலை, எஞ்சின் வேலை, பெயின்ட், இருக்கை என்று முழுதாக முடிக்கும்போது ஆகியிருக்கும் செலவை, வண்டியை விற்று எடுத்துவிடலாம் என்ற எண்ணம் துளி இருந்தாலும் இப்போதே விட்டுவிடுங்கள். என்னுடைய பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு ஆன செலவை நானும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். மூன்றாம் பக்கத்தோடு கூட்டல் போடுவதை நிறுத்திக்கொண்டேன்.

கிடைப்பது வேறு வகை. உங்கள் காரில் இருப்பது 1089 சிசி எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் ஒரு கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்த கியர்; கணினி என்று எதுவும் இல்லாததால், பழுது எதுவானாலும் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் விரலால் தொட்டும் கண்டுபிடித்துவிடலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் ‘பாயிண்ட்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் இரண்டு சிறு உலோக முனைகள் தெரியும். அவை முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அந்த முனைகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து (உப்புக் காற்று வீசும் ஊரில் உப்புத்தாளுக்கு வேலை ஓயாது), இடைவெளியை அளக்கும் மெல்லிய அளவுத்தகட்டை நடுவில் நுழைத்து, அது தடையில்லாமலும் தளர்வில்லாமலும் உரசி வெளிவரும்படி திருகை முறுக்கி, மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பும்போது, அதுவரை இருமிக்கொண்டிருந்த எஞ்சின் சீராக முனகத் தொடங்கும் பாருங்கள், அந்தச் சத்தம் ஒன்றுக்காகவே அடுத்த மூன்று மாத வேலையை நான் செய்திருக்கிறேன். வாழ்நாள் முழுதும் அலுவலகத்தில் கோப்பு பார்த்த எனக்கு, செய்த வேலை சரியா தவறா என்பதை அந்த நொடியிலேயே சொல்லிவிடுகிற பொருள் அதற்குமுன் வாய்த்ததில்லை.

தொடங்க வேண்டிய இடம் எஞ்சின் அல்ல, அந்தத் தார்ப்பாய். போர்த்தி வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஆனால் கடற்கரையில் அது ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைத்து வைக்கும் பை. தகட்டின்மேல் படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மழையே பெய்யாத நாளிலும் இரும்பு மெல்லிய உப்பு நீருக்குள் கிடப்பது போலத்தான். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்கள் அரிபடுவதை ஆராயக் கடலோர ஊரான மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததே நம் காற்றின் குணத்தைச் சொல்லிவிடும்.

ஆகவே பாயை எடுத்துவிட்டு, இருக்கைகளையும் தரைவிரிப்பையும் கழற்றி, ஒரு திருப்புளியால் தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள பெட்டிச்சட்டம், டிக்கியின் அடிப்பகுதி, சக்கர வளைவு ஆகியவற்றைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கும் இடமெல்லாம் வெட்டியெடுக்க வேண்டிய இடம். நல்ல தகடு தென்படும்வரை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, இரண்டு பக்கமும் பிரைமர் அடிக்க வேண்டும். என் ஹெரால்டுக்கு முதலில் டிங்கரிங் செய்த பட்டறையில் துருவின்மேலேயே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து இழைத்து, கண்ணாடிபோல் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். எட்டே மாதத்தில் அந்த இடம் அப்பளம்போல் உப்பிக்கொண்டு வந்தது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை போய்த் தகட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். சங்கடப்படாதீர்கள்.

எஞ்சினை ஆர்வத்தில் உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். பிரேக்கின் ரப்பர் பாகங்களும் டயர்களும் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

பதிவு பற்றி ஒன்று. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதியலாம் என 2021-இல் விதி வந்தது. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். ஓட்டுவதற்காகச் சீர்செய்யும் நீங்கள், வழக்கமான பதிவைப் புதுப்பிக்க முடியுமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

வண்டி சாலைக்கு வந்ததும், ஒரு விடியற்காலையில் தனுஷ்கோடிப் பக்கம் போய்வாருங்கள். உங்கள் வாப்பா இந்தக் காரை வாங்கியபோது சாலை மண்டபத்தோடு முடிந்துவிடும். பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988-இல்தான். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைவரை சாலை வந்தது 2017-இல். கார் வாங்கிய காலத்தில் அவர் ஓட்டியிருக்கவே முடியாத சாலையில், அவருடைய கை பட்டுத் தேய்ந்த அதே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கச்சான் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுவதை உள்ளங்கையில் உணர்ந்தபடி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, உங்கள் முதல் கேள்விக்கு என்னைவிட நீங்களே நல்ல பதில் சொல்வீர்கள். திரும்பி வந்ததும் அடிப்பாகத்தைக் கழுவ மறக்காதீர்கள். வீட்டுக் கிணறு உவர்ப்பாக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். இரண்டு குடம் நல்ல தண்ணீர் போதும்.

கேள்வி: என் பிரீமியர் பத்மினி காலையில் நன்றாக ஓடுகிறது. நண்பகலில் பரமக்குடிப் பக்கம் போனால் நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத் தானாகவே கிளம்புகிறது. இது எத்தனால் கலந்த பெட்ரோலின் வேலையா?
– வாசகர், மண்டபம்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்துக்குப் பழைய காரணமே பொருந்துகிறது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளேயுள்ள பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாமல் தடுக்கிறது. எத்தனால் இல்லாத காலத்திலேயே டாக்ஸி ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டினார்கள். நீங்களும் பானட்டைத் திறந்து, ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அதற்குள் கிளம்பினால் நோய் அதுதான். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே வெப்பம் தடுக்கும் தடித்த அட்டை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழுதுபார்த்த எவராவது அதை விட்டுவிட்டு மாட்டியிருக்கலாம்.

எத்தனால் பற்றிய கவலையும் வீண் அல்ல. அது பழைய வகை ரப்பர் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கெடுக்கும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டுங்கள். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோல் தேங்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் ஒரு பழைய அம்பாசடரை வாங்கி வந்து, ஞாயிறுதோறும் அதன் அடியில் படுத்துக்கிடக்கிறார். இரண்டு ஆண்டாக இதே கதைதான். சட்டையில் கிரீஸ் கறை போவதே இல்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
– வாசகி, தொண்டி

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது, என் வீட்டிலும் இதே வழக்கு நடந்தது. கறை படிந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பால் கசக்கினால் பெரும்பகுதி போய்விடும். அதை அவரே செய்யட்டும்.

இரண்டு ஆண்டாகியும் வண்டி ஓடவில்லை என்றால், அவர் அதைப் பிரித்துப் பார்ப்பதிலேயே இன்பம் கண்டுவிட்டார் என்று தோன்றுகிறது. இந்தப் பித்தில் அதுவும் ஒரு வகை. நானும் அதில் சிக்கியிருந்தேன். எனக்கு அதை உடைத்தவர் என் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ச் செம்புமாக வந்து, இருக்கைகூட முழுதாகப் பொருத்தாத ஹெரால்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “தேவிபட்டினம் போகலாம்” என்றார். ஹார்ன் அடிக்கவில்லை, வைப்பர் இல்லை, ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருந்தேன். போகவர இரண்டு மணி நேரம் ஆனது. அதன்பிறகு மீதி வேலை ஆறே வாரத்தில் முடிந்தது; ஏனென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும், “நாளைக்கு எங்கே போகிறோம்?” என்ற கேள்வி வந்துவிடும்.

பிரேக்கும் விளக்கும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, நீங்களும் ஒரு பொட்டலத்தோடு போய் ஏறுங்கள். அம்பாசடரின் பின்னிருக்கை ஹெரால்டைவிட அகலம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.