ஹெட்டை இறக்கும் முன் பிரேக் பூஸ்டரைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2006 மாடல் ஹூண்டாய் ஆக்சென்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊர் திண்டுக்கல், மாதம் ஒருமுறையாவது கொடைக்கானல் போய் வருவேன். சில மாதங்களாக டவுனுக்குள் ஏசி போட்டு ஓட்டினால் ஹீட் முள் ஏறுகிறது, பைபாஸில் ஏறியதும் நன்றாகக் கீழே இறங்கிவிடுகிறது. போன வருடம் ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். பத்து நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. சிக்னலில் நின்றால் என்ஜின் உதறுகிறது. பிரேக்கை மிதித்தபடி நின்றால் உதறல் கூடுகிறது. பிரேக் பெடல் கட்டையாக இருக்கிறது. பிரேக் ஆயிலும் குறைகிறது, ஆனால் சக்கரத்தில் எங்கும் ஒழுகல் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை வேறு. ‘ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, ஹெட்டை இறக்கணும், முப்பதாயிரம் ஆகும்’ என்கிறார் மெக்கானிக். செய்யலாமா, வண்டியைத் தள்ளிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் குறைவது, ஹீட் ஏறுவது, வெள்ளைப் புகை, உதறல் என்று நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் யாருக்கும் முதலில், என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் உங்கள் பிரேக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெடல் கட்டையாக இருப்பது, பிரேக்கை மிதித்தால் உதறல் கூடுவது, வெளியே ஒழுகாமல் பிரேக் ஆயில் குறைவது ஆகிய மூன்றையும் ஹெட் கேஸ்கெட் விளக்காது. இந்த மூன்றையும், கூடவே அந்த வெள்ளைப் புகையையும் சேர்த்து விளக்கக்கூடிய பழுது வேறொன்று உண்டு.

பிரேக் பெடலுக்கும், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில், என்ஜின் அறையைப் பிரிக்கும் தகடான ஃபயர்வாலை ஒட்டிக் கறுப்பாக வட்டமாக ஒரு டப்பா தெரியும். அதுதான் பூஸ்டர். உள்ளே பெரிய ரப்பர் டயஃப்ரம் இருக்கிறது. என்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு தடித்த ஹோஸ் வந்து அதிலிருக்கும் காற்றை உறிஞ்சி வைத்திருக்கும். பிரேக்கை மிதித்ததும் டயஃப்ரத்தின் ஒரு பக்கம் வெளிக்காற்று புகும். அந்தக் காற்றழுத்தம்தான் உங்கள் காலுக்குத் துணையாகத் தள்ளுகிறது. டயஃப்ரம் கிழிந்திருந்தாலோ, அந்த ஹோஸ் வெடித்திருந்தாலோ பெடல் கட்டையாகிவிடும். அதே ஓட்டை வழியாக அளக்கப்படாத காற்று என்ஜினுக்குள் போகும். பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம் கெட்டு, ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, என்ஜின் உதறும். பிரேக்கை மிதிக்கும்போது வெளிக்காற்று உள்ளே வருவதால் உதறல் கூடும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

அடுத்தது புகை. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தேய்ந்தால் பிரேக் ஆயில் தரையில் சொட்டாது, பூஸ்டருக்குள் இறங்கித் தேங்கும். அங்கிருந்து காற்றை உறிஞ்சும் அந்த ஹோஸ் (வேக்குவம் ஹோஸ்) வழியாக என்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். சைலன்சரில் அது வெள்ளைப் புகையாக வரும். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எரியும்போது வருவதும் வெள்ளைப் புகைதான் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். கூலன்ட் புகையில் ஒரு இனிப்பு வாடை இருக்கும். பிரேக் ஆயில் புகை காரமாக மூக்கில் ஏறும். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து சில நிமிடங்களில் மறைவது வெறும் நீராவி, அதற்குக் கவலை வேண்டாம்.

பூஸ்டரைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம், உங்கள் கால் போதும். என்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கல் மாதிரி ஆகும்வரை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது வந்தும் நிற்கவில்லை. அப்புறம் என்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்தபடி என்ஜினை அணையுங்கள். அரை நிமிடத்துக்குள் பெடல் காலை மேலே தள்ளினால், டயஃப்ரமோ, ஹோஸில் காற்றை ஒரே திசையில் விடும் செக் வால்வோ காற்றை விடுகிறது. மிதிக்கும்போது டாஷ்போர்டுக்குக் கீழே ‘உஸ்’ என்ற சத்தம் நிற்காமல் கேட்கிறதா என்றும் கவனியுங்கள்.

இன்னொரு சோதனையை மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லுங்கள். பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அதன் வாயை நன்றாக அடைத்துவிட்டு என்ஜினை ஓட விடட்டும். உதறல் நின்றுவிட்டால் குற்றவாளி பூஸ்டர்தான். (இந்த நிலையில் வண்டியை ஒரு அடிகூட ஓட்டக் கூடாது, பிரேக்குக்குத் துணை எதுவும் இருக்காது.) மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைக் கழற்றி, அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்புறம் ஈரமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் பிரேக் ஆயில் எங்கே போகிறது என்ற கேள்வியும் தீர்ந்துவிடும். ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரையும் பூஸ்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆயில் ஊறிய டயஃப்ரத்தை நம்பிப் புது மாஸ்டரை மட்டும் மாட்டினால் திரும்பவும் அதே வேலையைச் செய்ய நேரிடலாம்.

இது முடியும்வரை வத்தலக்குண்டு தாண்டி மலையேற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே குறைவு என்பதால் நல்ல பூஸ்டரின் உதவிகூடக் கொஞ்சம் குறையும். உங்களுடையது ஏற்கெனவே பாதி உயிரில் இருக்கிறது. இறங்கும்போது பிரேக் தொடர்ந்து சூடாவது தனிச் சிக்கல். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230-லிருந்து 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகி, பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிவிடுங்கள், மேலே ஊற்றி நிரப்புவது அதற்கு ஈடாகாது. உங்கள் காருக்கு டாட் 3, டாட் 4 இரண்டும் சரிவரும். டாட் 5 சிலிக்கான் வகை, அது வேண்டாம். பவர் ஸ்டீயரிங் ஆயிலைத் தவறிக்கூட பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போய்விடும். மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்பது பழைய பஸ் டிரைவர்களின் பாடம், அதை மிஞ்சிய வழி இன்னும் வரவில்லை.

சரி, கூலன்டுக்கு வருவோம். பூஸ்டர் பழுது என்றே வைத்துக்கொண்டாலும் பத்து நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைவதற்கு அது காரணமாகாது. இது தனிப் பழுது.

டவுனில் ஏறி பைபாஸில் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேனுக்கு வேலை இல்லை. நின்று நின்று போகும்போதுதான் ஃபேன் தேவை. ஆகவே ஃபேனைப் பாருங்கள். ஏசி போட்டதும் அது ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார். ரிலேவைச் சோதிக்க, பக்கத்திலிருக்கும் அதே மாதிரி ரிலேவைக் கழற்றி மாற்றிப் பொருத்தினாலே போதும். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றினாலும் சோம்பலாகச் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வருடக்கணக்கில் சேர்ந்த தூசியும் பூச்சியும் அடையாக ஒட்டியிருக்கும். அதை என்ஜின் பக்கத்திலிருந்து மெதுவான தண்ணீரில் கழுவி வெளியே தள்ள வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேரே அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்று போகவே வழி இல்லாமல் போகும்.

இதற்கு நேர்மாறாக, டவுனில் சும்மா இருந்து நெடுஞ்சாலையில் ஹீட் ஆகியிருந்தால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது வாட்டர் பம்ப் தள்ளவில்லை என்று சொல்லியிருப்பேன்.

சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் வழக்கமாகிவிட்ட கெட்ட வைத்தியம். அது இல்லாத என்ஜின் பைபாஸில் உரிய சூட்டுக்கு வருவதே இல்லை. உங்கள் முள் ‘நன்றாகக் கீழே’ இறங்குவது அதனால்தான். என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறையும், சிலிண்டர் சுவரும் சீக்கிரம் தேயும். புது தெர்மோஸ்டாட் போடுங்கள், பெரிய செலவு இல்லை.

தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க பிரஷர் டெஸ்டர் என்ற கைப்பம்ப் வேண்டும். குளிர்ந்த என்ஜினில், ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை அடித்துவிட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்புக்குக் கீழே இருக்கும் சின்ன ஓட்டை, முன் சீட்டுக் கார்ப்பெட்டின் ஈரம் எல்லாவற்றையும் பாருங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். அந்த மூடியையும் சும்மா விடாதீர்கள். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் 120 டிகிரிவரை கொதிக்காது. மூடியின் ரப்பர் செத்துவிட்டால் அந்த லாபம் முழுக்கப் போச்சு. கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், நினைத்துப் பாருங்கள். புது மூடிக்குச் சில நூறு ரூபாய் செலவழித்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

போர் தண்ணீரை இனி ஊற்றாதீர்கள். திண்டுக்கல் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களைப் பாறையாக அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் அலசிவிட்டு, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் ரகம் என்றால் அப்படியே ஊற்றலாம். பச்சை, சிவப்பு என்ற நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அது வெறும் சாயம். கூலன்ட் விஷம்; இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும், கீழே சிந்தினால் கழுவிவிடுங்கள். ஓடும்போது ஹீட் முள் உச்சத்துக்குப் போய்த் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் சென்சாருக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம், உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் வெளியே ஒழுகல் எதுவும் அகப்படாமல் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தால், அப்போது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். அதற்கும் ஆதாரம் கேளுங்கள். பிளாக் டெஸ்டர் என்ற கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம் இருக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை உறிஞ்சும்போது அது மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது, கேஸ்கெட் போய்விட்டது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டினாலும் அதே சந்தேகம்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மேல் ஹோஸ் இறுக்கமாக இருப்பதும் ஒரு அறிகுறி. ஆயில் மூடியின் அடியில் பால் மாதிரி படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் அது சாதாரணமாகவே வரும்.

ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்று உறுதியானால், லேத் பட்டறையில் சமதளம் பார்த்து, தேய்த்துச் சமமாக்கும் ஃபேஸிங் செய்யாமல் திரும்ப மாட்டவிடாதீர்கள். பழைய டைமிங் பெல்ட்டையும் கூடவே மாற்றுங்கள். அது ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைய வாய்ப்பு உண்டு, இன்னொரு முப்பதாயிரம் அதில் போகும்.

பூஸ்டர் நல்லபடியாக இருந்து உதறல் மட்டும் மிச்சம் என்றால் என்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழுவுங்கள், பிளக்குகளையும் பிளக் வயர்களையும் பாருங்கள். இந்த வயதில் பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுவது நல்லது. இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து அந்தக் காலத்து ரப்பரைச் செய்யவில்லை.

பாகங்கள் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். 1999-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தயாரிப்பு தொடங்கி நெடுங்காலம் விற்ற கார் இது, மதுரையிலேயே பெரும்பாலானவை கிடைக்கும். ஃபேன் மோட்டார், அதன் பிளாஸ்டிக் கூடு, ரிலே போன்றவற்றை சென்னை புதுப்பேட்டையில் பழையதாக வாங்கினாலும் தப்பில்லை. பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஹோஸ் மூன்றையும் புதிதாக மட்டுமே வாங்குங்கள்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். பிளாக் டெஸ்டர் முடிவு கைக்கு வரும்வரை யாரிடமும் விலை பேசாதீர்கள். ‘ஹெட் போன வண்டி’ என்ற பேச்சு கிளம்பிவிட்டால் உங்கள் ஆக்சென்டுக்கு இரும்புக்கடை விலைதான் கேட்பார்கள். அந்தப் பழுது அதில் இல்லாமலே இருக்கலாம்.