சின்ன ஆறு, பெரிய மில்

கேள்வி: அமெரிக்காவின் தொழில் புரட்சி பிளாக்ஸ்டோன் என்ற சின்ன ஆற்றங்கரையில்தான் தொடங்கியது என்கிறார்களே, பெரிய ஆறுகள் எத்தனையோ இருக்க அங்கே எப்படி? சாமுவேல் ஸ்லேட்டர் நூற்பு இயந்திர ரகசியத்தை மனப்பாடம் செய்து இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தார் என்பது உண்மையா?

பதில்: ஆற்றின் அகலத்தை விடுங்கள், இறக்கத்தைப் பாருங்கள். மாசசூசெட்ஸின் வூஸ்டரிலிருந்து ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் வரை சுமார் 46 மைல்தான், அதற்குள் 438 அடி இறங்கிவிடுகிறது. நீர்ச்சக்கரம் சுற்ற இது போதும். அகலமான ஆறு என்றால் அந்தக் காலத்தில் அணை கட்டுவதே பெரும்பாடு.

ஸ்லேட்டர் கதை உண்மைதான். தண்ணீர் விசையில் ஓடும் பஞ்சு நூற்பு இயந்திரத்துக்குப் பேர்போன இங்கிலாந்துக்காரர் ஆர்க்ரைட்டின் கூட்டாளி ஸ்ட்ரட்டின் மில்லில் தொழில் பழகியவர். இயந்திரமோ வரைபடமோ நாட்டை விட்டுப் போகக்கூடாது, தொழில் தெரிந்த ஆளும் போகக்கூடாது என்று பிரிட்டனில் சட்டம் இருந்ததால், 1789-இல் தன் தொழிலை மறைத்துக் கப்பல் ஏறினார். ஆனால் அவர் நினைவாற்றலை மட்டும் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓடாத இயந்திரங்களை வாங்கி வைத்துக்கொண்டு ஆள் தேடிய மோசஸ் பிரவுன் என்ற வியாபாரியின் பணமும், இரும்பு பாகங்களை அடித்துக் கொடுத்த வில்கின்சன் குடும்பத்துப் பட்டறையும் இல்லையென்றால் மனப்பாடம் பஞ்சு நூலாகியிருக்காது. 1790 டிசம்பரில் ரோட் ஐலண்டில் இந்த ஆற்றங்கரை ஊரான பாடக்கெட்டில் நூற்பு தொடங்கியது, 1793-இல் கட்டிய மில் இன்றும் நிற்கிறது.

முதலில் அங்கே வேலை செய்தவர்கள் யார் தெரியுமா? 7 முதல் 12 வயதுக்குள் இருந்த ஒன்பது குழந்தைகள். அப்புறம் குடும்பம் குடும்பமாக வேலைக்கு எடுத்து, வீடு, கடை எல்லாம் முதலாளியே வைத்து, பள்ளத்தாக்கு முழுக்க மில் கிராமங்கள் முளைத்தன. மோசஸ் பிரவுன் அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர், ஆனால் மில்லுக்கு வந்த பஞ்சு அடிமைகள் பறித்தது! இதை ஸ்லேட்டரின் சாகசத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1824-இல் முதலாளிகள் நெசவுக் கூலியைக் குறைத்து வேலை நேரத்தையும் கூட்டப் பார்த்தபோது, பாடக்கெட்டில் வேலைநிறுத்தம் வெடித்தது. அமெரிக்காவின் முதல் ஆலை வேலைநிறுத்தம் என்று அதைத்தான் சொல்கிறார்கள், முன்னால் நின்றவர்கள் நெசவுப் பெண்கள்.